பிளேடு நிற்கும்வரை

கீழ்வீட்டு மெஷின் ஓடாமல் போன பிறகுதான் எங்கள் வீட்டுத் தரை அசையாமலும் இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. அதற்கு முன்னால் காலை டீயை மேசையில் வைத்தால் டம்ளருக்குள் வட்டம் வட்டமாக அலை எழும்பும். கீழே வேலை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். நான் டெலிபோன் ஆபீசில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். முட்டி போய்விட்டது, கண் போய்க்கொண்டிருக்கிறது, காது மட்டும் அப்படியே இருக்கிறது. வேண்டாம் என்றாலும் கேட்டுத் தொலைக்கிறது.

கீழே இருந்தவரைத் தெருவில் எல்லாரும் பிரேம்காரர் என்றுதான் சொல்வார்கள். போட்டோ, கண்ணாடி, சான்றிதழ், எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் நாலு பக்கமும் சட்டம் அடித்துத் தருவார். வீட்டின் முன்னறைதான் பட்டறை. அந்த அறையின் நடுவில் அந்த மெஷின். மரத்தைச் சாய்வாக அறுக்கிற மின்ரம்பம். மேலே கைப்பிடி, அதில் ஒரு விசை, கீழே பல்பல்லாக வட்டப் பிளேடு. விசையை அழுத்தியதும் ஒரு சத்தம், மரத்தில் இறங்கும்போது வேறு சத்தம். விசையை விட்ட பிறகும் பிளேடு உடனே நிற்காது. அதுபாட்டுக்குச் சுற்றி, இரைச்சல் தேய்ந்து தேய்ந்து, கடைசியில் ஒரு முனகலோடு அடங்கும். மாடியில் இருந்தபடியே மூன்றையும் பிரித்துச் சொல்வேன்.

அவர் அறுத்துப் போடுவதை மூலை சேர்ப்பது அவர் மனைவி. பசை தடவி, இரண்டு துண்டையும் முட்டவைத்து, ஆணி இறக்கி, துணியால் துடைத்துச் சுவரோரம் சாத்துவாள். என்னை அக்கா என்பாள். பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு அந்த வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். அவள் குரல் அப்போதெல்லாம் பெரிய குரல். சமையலறையில் நின்று 'ஏங்க' என்று கூப்பிட்டால் தெருவில் போகிற அடுத்த வீட்டுப் புருஷன்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கூப்பிடப்பட்டவர் மட்டும் வரமாட்டார். மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோதான் செருப்புச் சத்தம் கேட்கும். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

மழைக்காலத்தில் ஒரு மதியம் அது நடந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஒரு தடவை கூப்பிட்டாள், இரண்டு தடவை கூப்பிட்டாள், மூன்றாவது தடவை கோபத்தில் தொண்டை கிழியக் கூப்பிட்டாள். அந்தக் குரல் முடிவதற்குள் அவர் அலறினார். நான் படியிறங்கிப் போவதற்குள் அவள் தன் சேலைத் தலைப்பை அவர் கையில் சுற்றியிருந்தாள். இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிக்கு மேல் போய்விட்டன. அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு பட்டறையைக் கழுவிவிட்டது நான்தான். தரையைத் தேய்த்தேன், மேசையைத் துடைத்தேன், மேசைக்கடியில் விழுந்து கிடந்த காது மூடியை எடுத்துக் கழுவி ஆணியில் மாட்டினேன். எங்கள் ஆபீசில் தலையில் மாட்டிக்கொள்வோமே, அதே மாதிரிதான் இருக்கும். ஆனால் அது கேட்பதற்கு, இது கேளாமல் இருப்பதற்கு.

கை ஆறியது. அவள் குரல்தான் ஆறவில்லை. ஆஸ்பத்திரியிலேயே பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டாள், நான் கத்தினேன், அவர் திரும்பினார், கை போய்விட்டது என்று. வீட்டுக்கு வந்த பிறகு அவள் அவரைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். சாப்பாடு ஆனதும் முன்னறை வரைக்கும் நடந்து வந்து வாசற்படியில் நிற்பாள். அவர் பார்க்கிற வரைக்கும் நிற்பாள். பார்த்ததும் திரும்பிப் போவாள். கடைத்தெருவில் அவரை விட்டுவிட்டு முன்னால் நடந்துவிட்டால்கூடக் கூப்பிடமாட்டாள், திரும்பி அவ்வளவு தூரம் நடந்து வருவாள். வெறும் பழக்கம்தான், போகப்போகச் சரியாகிவிடும் என்று நான் நினைத்தேன். சரியாகவில்லை. ஒரு நாள் என்னிடம் சொன்னாள், "வாயத் திறந்தாலே அந்தச் சத்தம் ஞாபகம் வருதுக்கா. யாரையாவது கூப்பிட்டா அவங்களுக்கு என்னமோ ஆயிடும்னு இருக்கு."

மெஷினை அவள்தான் பின்னறைக்குத் தள்ளிப் பழைய போர்வையைப் போட்டு மூடினாள். கொஞ்ச நாளில் போர்வைக்கடியில் இருந்தாலும் அது இருக்கிறது என்று அவளுக்குத் தூக்கம் வரவில்லை. விற்றுவிடச் சொன்னாள். அவர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு குடோனில் வாசல் காவலுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அங்கே சொல்லி வைத்தார். முப்பது வருஷமாக மூலையை மூலையோடு முட்டவைத்த மனுஷன் கேட்டைத் திறந்து மூடப் போகிறாரே என்று எனக்குத்தான் ஆறவில்லை. அவரிடம் சொன்னேன். கேட்டுக்கும் நாலு மூலை இருக்கு, என்றார். சிரிக்கவில்லை.

வாங்குவதாகச் சொன்னவர் கதவு நிலை செய்கிறவர். கதவுக்காரர் என்றே வைத்துக்கொள்ளலாம். தூறல் விடாத ஒரு காலையில், சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து நின்றார். ஓட்டிப் பார்க்காமல் வாங்கமாட்டாராம். அதனால் மெஷினை மறுபடியும் பட்டறைக்குக் கொண்டுவந்து மாட்ட வேண்டியதாயிற்று. நீளச் சட்டத்தின் முனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டனுப்பினார்கள். கூப்பிட்டனுப்பினார்கள் என்றால், அவளே மாடியேறி வந்து என் கதவைத் தட்டினாள்.

மெஷினை ஆண்கள் இருவரும் தூக்கி வந்து மேசையில் வைத்தார்கள். பிரேம்காரர் இடது கையால் தூக்கினார் என்று சொல்ல முடியாது, முழங்கையால் அணைத்துக்கொண்டார். மேசையின் ஒரு கால் ஆடியது. பிளைவுட் துண்டு ஒன்றைச் சீவி அடியில் கொடுத்தார். பிறகு நாலு மூலையிலும் போல்ட்டை முடுக்கினார். மேசையை இடுப்பால் இடித்துப் பார்த்தார். அசையவில்லை. அதுவரைக்கும் பிளக்கைச் சுவரில் சொருகவில்லை. தன் கண்ணுக்கு நேரே மேசைமேல் எடுத்து வைத்திருந்தார். பிளேடில் கை வைக்கிற வேலை முடிகிற வரைக்கும் பிளக் அங்கேதான் கிடக்கும்.

கதவுக்காரர் பிளேடைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பல் பல்லாகப் பார்த்தார். தானமாக வந்த மாடா என்ன, காசு கொடுத்து வாங்குகிறவர் பல்லைப் பிடித்துத்தான் பார்ப்பார். பிரேம்காரர் மூலைமட்டத்தை வைத்துப் பிளேடு நேராக நிற்கிறதா, பின்னால் நிற்கிற இரும்புத் தடுப்புக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். ஒரு நூல் அளவு விலகியிருந்தது. மறையைத் தளர்த்தித் தட்டித் தட்டிச் சரி செய்தார். இத்தனை மாசத்தில் அவர் முகத்தில் ஒரு வேலை இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவளும் பார்த்தாள். பார்த்துவிட்டு டீ போடப் போய்விட்டாள்.

பிளேடுக்கு ஒரு மூடி உண்டு. கைப்பிடியை இறக்கினால் தானாக விலகும், தூக்கினால் தானாக வந்து பிளேடை மறைத்துக்கொள்ளும். கதவுக்காரர் அதை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, ஓரத்தில் இருந்த ஒரு தேய்மானத்தை நகத்தால் சுரண்டினார். இங்கே என்ன கம்பி உரசின மாதிரி பளபளவென்று ஒரு தடம் என்று கேட்டார். பழசு, என்றார் பிரேம்காரர். அவள் அப்போதுதான் டீயோடும் வெட்டின ரொட்டியோடும் உள்ளே வந்தாள். கதவுக்காரர் டம்ளரை வாங்கிக்கொண்டு, பிரேம்காரரின் கையைப் பார்க்காத மாதிரி பார்த்து, எப்படி ஆச்சு என்று கேட்டார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள். "நான் கூப்பிட்டேன். திரும்பிட்டாரு. மெஷின்ல ஒண்ணும் கோளாறு இல்ல, தைரியமா எடுத்துட்டுப் போங்க."

ரேஷன் கார்டு நம்பரைச் சொல்கிற மாதிரி சொன்னாள். பிரேம்காரர் ரொட்டியை டீயில் நனைத்தார். அது ஊறி உடைந்து உள்ளே விழுந்தது. அவர் டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

டீ குடித்த பிறகு நீளமான சட்டம் ஒன்றை எடுத்தார்கள். அது இரண்டு பக்கமும் தொங்காமல் இருக்க மெஷின் மேசை உயரத்துக்கே மரக்கட்டைகளை அடுக்கி, ஒரு பக்கம் என்னை நிறுத்தினார்கள். பிடித்து இழுக்கக் கூடாது, சும்மா தாங்கினால் போதும் என்றார் பிரேம்காரர். முதலில் மின்சாரம் இல்லாமலே கைப்பிடியை இறக்கி எதிலும் இடிக்கவில்லை என்று பார்த்தார். கோணத்தை நாற்பத்தைந்தில் திருப்பிப் பூட்டினார். கையால் பிடிப்பதற்குப் பதிலாகச் சட்டத்தைக் கிளாம்ப் போட்டு இறுக்கினார். இடது கையில் மீந்த மூன்று விரலால் திருகுவதற்கு நேரம் பிடித்தது. யாரும் உதவிக்குப் போகவில்லை. போயிருந்தால் அவருக்குப் பிடித்திருக்காது.

பிறகு கண்ணாடியைப் போட்டார். ஆணியில் தொங்கிய காது மூடியை எடுத்து மாட்டினார். பிளக்கைச் சொருகினார். வெட்டுக்கோட்டுக்கு நேரே நிற்காமல் ஒரு பக்கமாக நகர்ந்து, இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வலது கையால் கைப்பிடியைப் பிடித்தார். விசையை அழுத்தினார். என் கையிலிருந்த மரம் சிலிர்த்தது.

வாசற்படியில் நின்றிருந்தவள் அப்போதுதான் அதைப் பார்த்தாள். கை போனதிலிருந்து அவர் முழுக்கைச் சட்டைதான் போடுகிறார். வலது கை மணிக்கட்டுப் பித்தானை மாட்ட இடது கை விரல் வேண்டும். அது இல்லாததால் தினமும் காலையில் அவள்தான் மாட்டிவிடுவாள். அன்று ஆள் சீக்கிரம் வந்த அவசரத்தில் மறந்துவிட்டாள். சட்டைக் கையின் வாய் திறந்து, சுற்றுகிற பிளேடுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. கைப்பிடி இறங்கத் தொடங்கியது.

"ஏங்க," என்று கத்தினாள். அந்தப் பழைய குரல். "ஏங்க, கை. சட்டைக் கை."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, அவள் பக்கம் திரும்பினேன். கதவுக்காரர் திரும்பினார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. கத்திய மறுகணமே அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள், கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டாள். மறுபடியும் அதே மெஷின், அதே குரல், அதே மனுஷன்.

அவர் திரும்பவில்லை. தோள்கூட அசையவில்லை. திறந்த சட்டைக் கை ஒரு விரற்கடை தள்ளியே தொங்க, பிளேடு மரத்துக்குள் இறங்கி, அறுத்து, அடிக்கு வந்தது. விசையை விட்டார். கைப்பிடியைத் தூக்காமல் கீழேயே அழுத்தி வைத்திருந்தார். இரைச்சல் தேய்ந்தது. முனகல் அடங்கியது. அதன் பிறகுதான் கைப்பிடியைத் தூக்கினார். அறுபட்ட துண்டை எடுத்தார். காது மூடியைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார். நாங்கள் இருவரும் தன்னையே பார்ப்பதையும், அவள் கண்ணை மூடி நிற்பதையும் பார்த்து, என்ன என்றார்.

அவள் கண்ணைத் திறந்தாள். "நான் கூப்பிட்டேனே."

"எப்போ?"

மழைத் தண்ணீர் ஜன்னல் தகரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அவர் கழுத்தில் கிடந்ததையே பார்த்தாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு அதை மேசைக்கடியிலிருந்து எடுத்தேனே, அதன் வளைவில் ரத்தம் இருந்தது. வெட்டுப்பட்ட கையால் பிய்த்து எறிந்தால்தான் அங்கே ரத்தம் படும். தலையில் இருந்திருந்தால்தான் பிய்த்து எறிய முடியும்.

"அன்னைக்கும் இதைப் போட்டிருந்தீங்களா?"

அவர் கையிலிருந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போட்டிருந்தேன்."

"அப்போ நான் கூப்பிட்டது?"

"கேக்கல."

கதவுக்காரர் நல்ல மனுஷர். வண்டியை நனையாமல் ஓரமாக நிறுத்திவிட்டு வருகிறேன் என்று வெளியே போனார். வண்டி ஏற்கெனவே ஓரமாகத்தான் நின்றது. நானும் போகப் பார்த்தேன், சட்டத்தின் முனை என் கையிலேயே இருந்தது. கீழே வைத்தால் சத்தம் வரும் என்று பிடித்துக்கொண்டே நின்றேன்.

அவர் மெதுவாகச் சொன்னார். மூடி பென்சில் கோட்டை மறைக்கிறது என்று அதைத் தூக்கிக் கம்பியால் கட்டி வைத்திருந்தாராம். சின்ன பிரேம், குட்டித் துண்டு, அதற்கெல்லாம் கிளாம்ப் எதற்கு என்று கையாலேயே பிடித்தாராம். வெட்டியாகிவிட்டது, விசையையும் விட்டாகிவிட்டது. அறுபட்ட சில்லு பிளேடுக்கும் தடுப்புக்கும் நடுவில் சிக்கி நின்றது. பிளேடு நிற்கும்வரை பொறுக்காமல் விரலால் தட்டிவிடப் போனார். அவ்வளவுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே, யாரும் பார்ப்பதற்கு முன்னால் கம்பியை அவிழ்த்து எறிந்துவிட்டார்.

"அந்தக் கம்பிய அவுருங்கன்னு எத்தனை தடவ சொன்னேன்," என்றாள் அவள்.

"அதனாலதான் சொல்லல."

அவளுக்கு அது புரியச் சற்று நேரம் ஆயிற்று. எனக்கும்தான்.

"மயக்கம் தெளிஞ்சு பாத்தா, நீ கூப்பிட்டதாலதான் ஆச்சுன்னு எல்லாரும் பேசிட்டிருந்தாங்க. நீயே சொல்லிட்டிருந்த. இல்லன்னு சொல்லணும்னா கம்பியச் சொல்லணும். கம்பியச் சொன்னா நீ சொன்னதுதான் சரின்னு ஆயிடும். நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் சொல்றதுக்கு வெக்கமாயிடுச்சு."

"நான் உங்கள வாயத் திறந்து கூப்பிட்டு எத்தனை மாசமாச்சு, தெரியுமா?"

"தெரியும்."

மற்றதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். அந்தத் 'தெரியும்'தான் அவளை உட்கார வைத்தது. பசை டப்பா வைக்கிற முக்காலியில் போய் உட்கார்ந்தாள். அழவில்லை. நெடுந்தூரம் சுமை தூக்கி வந்தவளிடம் 'இது உன் மூட்டை இல்லை' என்று சொன்னால் எப்படி இருக்கும், அப்படி உட்கார்ந்திருந்தாள். கோபப்படக்கூட அவளிடம் தெம்பு இல்லை. எனக்கு இருந்தது. அந்த மனுஷனைக் கையிலிருந்த சட்டத்தாலேயே ஒன்று போடலாமா என்று எனக்கு வந்தது. விரல் போனவன் என்று பார்த்தேன்.

கதவுக்காரர் உள்ளே வந்தார். மெஷின் பிடித்திருக்கிறது, இன்றைக்கே எடுத்துப் போகிறேன் என்றார். பிரேம்காரர், எடுத்துட்டுப் போங்க தம்பி என்று பிளக்கைப் பிடுங்கினார்.

"வேண்டாம்," என்றாள் அவள், முக்காலியில் இருந்தபடியே. "கோவிச்சுக்காதீங்க தம்பி, மழையில அலைய விட்டுட்டோம். இது விக்கிறதுக்கு இல்ல."

பிரேம்காரர் அவளைப் பார்த்தார்.

"இது போயிட்டா பழி மறுபடியும் என் தலைக்குத்தான் வரும். நாளைக்கு இந்த மனுஷன் கேட்டு முன்னாடி ஸ்டூல் போட்டு உக்காந்திருக்கிறதப் பாத்தா, அவ கூப்பிட்டதாலதான்னு தெருவே பேசும். அது இங்கயே இருக்கட்டும். அதுல வேலை செய்யட்டும். மூடியோட, கிளாம்போட."

எழுந்து வந்து அவர் வலது கையை இழுத்தாள். பித்தானை மாட்டினாள். அன்பாக மாட்டினாள் என்று சொல்லமாட்டேன், வெடுக்கென்றுதான் மாட்டினாள். பிறகு சமையலறைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் என் டம்ளரில் அலை எழுந்தது. விசை, வெட்டு, தேய்கிற இரைச்சல், முனகல். அது அடங்கியதும் ஒரு புதுச் சத்தம் வந்தது. பிரேம்காரர்தான். "நின்னுடுச்சு" என்று சமையலறைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். அதிர்ந்து பேசாத மனுஷன், தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். சமையலறையிலிருந்து சத்தமில்லை. அடுத்த வெட்டு. நின்னுடுச்சு. அதற்கடுத்தது. நின்னுடுச்சு. ஒவ்வொரு வெட்டுக்கும், பிளேடு நின்று, காது மூடியைக் கழற்றி, ஒரு தடவை சொல்லிவிட்டுக் கொஞ்சம் காத்திருந்து, மறுபடியும் மாட்டிக்கொள்வார் போலிருக்கிறது. யாருக்குச் சொல்கிறார் என்று தெருவில் கேட்டார்கள். நான் தெரியாது என்றேன்.

அவள் பதில் சொல்லவில்லை. அறுத்துப் போட்டதை மூலை சேர்த்தாள், பசை துடைத்தாள், சாப்பாடு ஆனதும் வழக்கம்போல வாசற்படியில் வந்து நின்றாள். நான் கீழே போனால் கேஸ் விலையைப் பற்றிப் பேசினாள், முட்டிவலிக்கு எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தாள், அவரைப் பற்றி மட்டும் பேசவில்லை. மன்னித்துவிடேன் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. மழை ஓய்ந்து, வெயில் வந்து, ஊதியிருந்த மரமெல்லாம் காய்ந்து சுருங்கியது. அவர் விடவில்லை. குரல் கட்டியிருந்த நாளிலும் கரகரவென்று சொன்னார். கூப்பிடாத வீட்டில் ஒற்றைக் குரல் மட்டும் நாளெல்லாம் போய்க்கொண்டிருந்தது, எதிர்முனையில் யாரும் எடுக்காத போன் மாதிரி.

ஒரு மதியம் நான் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். கீழே மெஷின் ஓடியது. இரைச்சல் தேய்ந்தது, முனகல் அடங்கியது.

"நின்னுடுச்சு," என்றார் அவர்.

குழாயை மூடினேன். பழக்கம்தான்.

"கேட்டுச்சு," என்றாள் அவள், சமையலறையிலிருந்து. தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற குரலில். "வாங்க, ஆறிடும்."

முதல் தடவையிலேயே செருப்புச் சத்தம் கேட்டது.